சகலை வீட்டுச் சாப்பாடு

சனிக்கிழமை ராத்திரி. நீங்கள் ஐந்து பேர். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணைப் பறிக்கிற போர்டுகள். ‘எங்கடா போகலாம்?’ என்ற ஒரு கேள்விக்கு ஐந்து பேரிடமிருந்து ஆறு பதில்கள் வருகின்றன. கடைசியில், வழக்கம்போல ஒரு மந்திக் கடையில் போய் விழுகிறீர்கள். தரையில் திண்டு, நடுவில் ஒரு பெரிய தாம்பாளம், அதில் மலை மாதிரி சோறு, உச்சியில் கோழி. ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் பாய்கின்றன.

அப்போது உங்களில் ஒருவர் (எந்த நண்பர் கூட்டத்திலும் இப்படி ஓர் ஆசாமி கட்டாயம் உண்டு!), “மந்தி போரடிச்சுப்போச்சுப்பா... அடுத்த வாரம் மொராக்கோ சாப்பாடு!” என்று அறிவிக்கிறார்.

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால், போவதற்கு முன்னால் ஒரு சங்கதி. நீங்கள் மொராக்கோ சாப்பாட்டைத் தேடிப் போவதற்குச் சுமார் 680 வருஷங்களுக்கு முன்பே, மொராக்கோக்காரர் ஒருவர் நம் ஊர்ச் சாப்பாட்டைத் தேடி வந்துவிட்டார். தேடி வந்தார் என்பதுகூடத் தப்பு. கப்பல் உடைந்து கரை ஒதுங்கினார். ஒதுங்கின இடத்தில் சாப்பிட்டார். ராஜாக்களோடு சாப்பிட்டார். சாப்பிட்டதையெல்லாம் மறக்காமல் சொல்லியும் வைத்தார்!

அவரிடம் போவதற்கு முன் மொராக்கோ பந்தியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மந்தி, ஏமன் தேசத்துச் சரக்கு. மொராக்கோ அங்கிருந்து மேற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அங்கே சோறு ராஜா இல்லை, கோதுமைதான் ராஜா. ரவையின் மேல் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் மாவு தூவி, உள்ளங்கையால் உருட்டி உருட்டிக் கடுகு மாதிரி மணிகளாக்குகிறார்கள். பிறகு, நாம் புட்டு அவிக்கிறோமே, அதே டெக்னிக்! கீழ்ப் பாத்திரத்தில் கறியும் காய்களும் கொதிக்க, அதன் ஆவியில் மேல் பாத்திரத்தில் ரவை மணிகள் வேகும். இதுதான் கூஸ்கூஸ். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் இதுதான் சாப்பாடு. 2020-ல் அல்ஜீரியா, மொராக்கோ, டுனீசியா, மொரிட்டானியா என நாலு தேசங்கள் ஒன்றாக மனுப் போட்டு, கூஸ்கூஸை யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றின. (அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் ஏழாம் பொருத்தம். ரவை விஷயத்தில் மட்டும் ஒரே கையெழுத்து!)

இன்னொன்று தாஜின். கூம்பு வடிவ மூடி போட்ட மண்சட்டி. உள்ளே கோழி, ஆலிவ் காய், உப்பில் ஊறிய எலுமிச்சை. ஆமாம், சாட்சாத் எலுமிச்சை ஊறுகாய்தான். நம் மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் மட்டும் இருக்காது. கரி அடுப்பில் மெதுவாக வேக, ஆவி மேலே ஏறிக் கூம்பில் பட்டு, மறுபடி சட்டிக்குள்ளேயே சொட்டும். தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற பூமியில் பிறந்த சமையல் அது!

எல்லோருக்கும் நடுவில் ஒரே தட்டு. வலது கை. அவரவர் தன் முன்னால் இருக்கிற பாகத்தைத்தான் தொட வேண்டும். நடுவில் இருக்கும் கறி மீது கண் வைக்கலாம், கை வைக்கக்கூடாது. வீட்டுக்காரர் பிய்த்துக் கொடுப்பார். ஸ்பூனுக்குப் பதில் ரொட்டித் துண்டு. ரொட்டி இல்லாமல் ஒரு மொராக்கோக்காரரைச் சாப்பிட உட்காரவைப்பது என்பது, சோறு இல்லாமல் ஒரு தஞ்சாவூர்க்காரரை உட்காரவைப்பதற்குச் சமம்.

அந்தக் கொடுமைதான் நம் கதாநாயகருக்கு நடந்தது.

இபின் பதூதா. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் பார்த்திருப்பீர்கள். 1304-ல், மொராக்கோவின் வடகோடித் துறைமுகமான டாஞ்சியரில் பிறந்தவர். 21 வயதில், 1325-ல், ஹஜ் யாத்திரைக்கென்று வீட்டை விட்டுக் கிளம்பினார். போனவர் சொந்த ஊர்ப்பக்கம் திரும்ப 24 வருஷம் ஆயிற்று! எகிப்து, சிரியா, மெக்கா, ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி என்று சுற்றிவிட்டு, 1330-களில் இந்தியாவுக்குள் நுழைந்தார். டெல்லியில் முகமது பின் துக்ளக்கிடம் நீதிபதி வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், எப்போது தலை போகும் என்று தெரியாத முதலாளி. கடைசியில், ‘சீனாவுக்கு என் தூதராகப் போ’ என்று சுல்தான் சொன்னதும், தப்பித்தோம் பிழைத்தோம் என்று 1341-42 வாக்கில் தெற்கே கிளம்பினார்.

வழியெல்லாம் இந்த மனுஷர் கவனித்தது கோட்டையை மட்டுமல்ல, தட்டையும்தான்.

வட இந்தியாவில் காலை டிபனாக எல்லோரும் ஒன்றைச் சாப்பிடுகிறார்கள் என்கிறார். பச்சைப்பயறையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்து, நெய் ஊற்றி... ‘கிஷ்ரி’ என்று அவர் எழுதுவது கிச்சடி. பயற்றை உடைத்துப் பருப்பாக்கி, மிளகும் சீரகமும் தாளித்தால், நம்ம வெண்பொங்கல்! அதோடு நிறுத்தாமல், ‘எங்கள் ஊர் ஹரீரா எப்படியோ, இவர்களுக்கு இது அப்படி’ என்று ஒப்பிடுகிறார். ஹரீரா என்பது மொராக்கோவின் கஞ்சி. இன்றைக்கும் ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும்போது அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஹரீராதான். பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ ரம்ஜான் மாதத்துச் சாயங்காலம் ஒரு பள்ளிவாசல் பக்கம் போய்ப் பாருங்கள். குருணை அரிசியும் பாசிப்பருப்பும் போட்டுக் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை, தூக்குவாளி கொண்டுவருகிற எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். வந்தவர் நோன்பு வைத்தவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. இபின் பதூதா அந்த க்யூவில் நின்றிருந்தால், ‘அட, நம்ம ஹரீரா!’ என்று சொல்லியிருப்பார்.

மாங்காய் ஊறுகாயையும் விடவில்லை. பிஞ்சு மாங்காயை உப்பில் ஊறப்போடுகிறார்கள், எங்கள் ஊரில் எலுமிச்சையை ஊறப்போடுகிற மாதிரி என்கிறார். பச்சை இஞ்சி, பச்சை மிளகுக் கொத்து எல்லாமே ஊறுகாய் ஆகின்றன. ஒரு வாய் சோறு, ஒரு கடி ஊறுகாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறார்கள் என்று அந்த ரிதத்தைக்கூடக் குறித்துவைத்திருக்கிறார்!

ஆனால் அவருடைய மாஸ்டர் பீஸ், மேற்குக் கடற்கரையில் ஹொன்னாவர் சுல்தான் ஜமாலுத்தீன் வீட்டுப் பந்தி வர்ணனை. ஹொன்னாவர் இன்றைய கர்நாடகக் கரையோரம் இருக்கிறது. பட்டுடுத்திய ஒரு பணிப்பெண் பாத்திரங்களோடு வருகிறாள். முன்னால் செம்புத் தட்டு. அதன் பெயர் ‘தாலம்’ என்று அந்த ஊர் வார்த்தையையே எழுதுகிறார். (தாலம் நமக்கும் தட்டுதான்!) பெரிய செம்புக் கரண்டியால் ஒரு கரண்டி சோறு. மேலே நெய். ஓரத்தில் மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள். அது முடிந்ததும் அடுத்த கரண்டி சோறு, அதற்குக் கோழி. அப்புறம் இன்னொரு தினுசுக் கோழி. பிறகு மீன் வகைகள். பிறகு நெய்யில் சமைத்த காய்கறி. எல்லாம் முடிந்து கடைசியில் வருகிறது தயிர். தயிர் வந்துவிட்டால் இதற்கு மேல் எதுவும் வராது, சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம் என்கிறார்!

சிரிக்காதீர்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் தடவையாக வருகிற ஒரு வெளிநாட்டுக்காரருக்கு நாம் சொல்லித்தருகிற முதல் பாடம் என்ன? ‘மோர் வந்தாச்சா... கையைக் கழுவ ரெடியாகு!’

இதுவரை ருசி. இனிமேல்தான் கசப்பு.

மலையாளக் கரையில் நடந்து போகும்போது வேறொரு பந்தியையும் பார்த்தார். அங்கே முஸ்லிம் ஒருவன் இந்து வீட்டுக்குள் நுழையக்கூடாது. அவர்கள் பாத்திரத்தில் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டுவிட்டால் பாத்திரத்தை உடைத்துப் போடுவார்கள். அல்லது அதை முஸ்லிம்களிடமே கொடுத்துவிடுவார்கள். முஸ்லிம் குடும்பமே இல்லாத ஊருக்கு ஒரு வழிப்போக்கன் போய்ச் சேர்ந்தால்? பட்டினி போடமாட்டார்கள். சமைத்து, வாழையிலையில் போட்டு, குழம்பையும் அதன் மேலேயே ஊற்றிக் கொடுப்பார்கள். மிச்சம் இருந்தால் நாய்க்கும் பறவைக்கும். பசிக்குச் சோறு உண்டு. பக்கத்தில் இடம் இல்லை. வாழையிலைக்கு இப்படியும் ஒரு சரித்திரம்!

இதை அவர் கோபமாக எழுதவில்லை. அந்த ஊர் வழக்கம் என்கிற தொனியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

பிறகு அவருக்குக் கெட்ட நேரம். கோழிக்கோட்டுக் கடலில் புயல். துக்ளக் சீனாவுக்கு அனுப்பிய பரிசுகளோடு கப்பல் நொறுங்கிப்போனது. இனி டெல்லிக்குத் திரும்பினால் தலை தப்பாது. எனவே மாலத்தீவு. அங்கே நீதிபதி வேலை, கல்யாணங்கள் (ஆம், பன்மைதான்!). அங்கேயும் சாப்பாடு பற்றி ஒரு குறிப்பு: அந்த ஊர்ப் பெண்கள் கணவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ‘என் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்’ என்று மனைவிகளிடம் இவர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். சிலர் உட்கார்ந்தார்கள். மற்றவர்களைச் சாப்பிடவைக்க முடியவில்லை. அவர்கள் சாப்பிடுவதை இவர் பார்க்கவும் முடியவில்லை. அந்த ஊர்ப் பெரிய மனிதர்களோடு சண்டை வந்து, 1344-ல் இலங்கைக்குப் போனார். புத்தளத்தில், பாரசீக மொழி புரிந்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இருந்துவிட்டு, ஆதம் மலை ஏறி இறங்கி, மறுபடி கப்பல். இந்தமுறை தமிழ்க்கரை. அரபுக்காரர்கள் வாயில் அதன் பெயர் ‘மாபார்’.

மறுபடி புயல்! கரை கண்ணுக்குத் தெரிகிறது. கப்பல் தரைதட்டி உடைகிறது. கூட வந்தவர்களைக் கட்டுமரம் மாதிரி ஒன்றில் ஏற்றி அனுப்பிவிட்டு, ராத்திரி முழுக்க உடைந்த கப்பலிலேயே கிடந்தார். விடிந்ததும் உள்ளூர் ஆட்கள் படகில் வந்து இறக்கினார்கள். தமிழ் மண்ணில் அவருடைய முதல் சாப்பாடு என்ன தெரியுமா? தர்பூசணி சைஸில் ஒரு பழம். உள்ளே பஞ்சு மாதிரி நார், அதற்குள் தேன் மாதிரி இனிப்பு. அந்த மரத்திலிருந்து சர்க்கரை மாதிரி ஒரு பண்டமும் செய்கிறார்கள் என்கிறார். பனம்பழமும் கருப்பட்டியும் தவிர வேறென்னவாக இருக்க முடியும்? கூடவே அருமையான மீன். அந்தக் கரையோர மனிதர்கள் யார், என்ன ஜாதி, என்ன பெயர், எதுவும் எழுதப்படவில்லை. நனைந்து நடுங்கி வந்த ஒரு அந்நியனுக்குப் பனம்பழமும் மீனும் தந்தவர்கள். அவ்வளவுதான்.

தகவல் சுல்தானுக்குப் போனது. அந்தச் சமயம் மதுரையைத் தலைநகராக வைத்து ஒரு சுல்தான் ஆண்டுகொண்டிருந்தார். டெல்லி துக்ளக்கின் ஆளாக இங்கே வந்து, பிறகு ‘நானே ராஜா’ என்று அறிவித்துக்கொண்டவர் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா. அவர் மகள் ஒருத்தியை டெல்லியில் கல்யாணம் செய்துகொண்டவர்தான் இபின் பதூதா. இன்னொரு மகளைக் கட்டியவர், இப்போது மதுரையை ஆள்கிற கியாசுத்தீன் தம்கானி. உறவு முறை புரிகிறதா? மதுரை சுல்தான், நம் மொராக்கோக்காரருக்குச் சகலை!

சகலை என்றால் சும்மாவா? பல்லக்கு, குதிரைகள் என்று ஏக மரியாதையோடு முகாமுக்கு அழைத்துப் போனார்கள். சுல்தான் அப்போது காட்டு வழியே படையோடு போய்க்கொண்டிருந்தார். வழியில் அகப்பட்ட இந்துக்களை, பெண்கள் குழந்தைகள் உட்படப் பிடித்து, கூர் சீவிய மரக்கழிகளை அவர்கள் தோளிலேயே சுமக்கவைத்து நடத்திப் போனார்கள். மறுநாள் காலை அந்தக் கழிகளிலேயே கழுவேற்றினார்கள். இதை எழுதியவர் எதிரி இல்லை. சகலை!

ஒருநாள் காலை, சுல்தானின் கூடாரத்தில் சாப்பாடு. சுல்தானுக்கு வலப்பக்கம் காஜி, இடப்பக்கம் இபின் பதூதா. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓர் இந்துவை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கூடவே அவன் மனைவி. ஏழு வயசுப் பையன். சுல்தான் கையிலிருந்த கவளத்தைக்கூடக் கீழே வைத்திருக்கமாட்டார். சைகை காட்டுகிறார். அந்த மனிதனின் தலை விழுகிறது. பிறகு, மனைவியும் மகனும்கூட என்கிறார். இபின் பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்திருக்கும்போது தரையில் மூன்று தலைகள்.

இப்படி ஓர் அக்கிரமத்தை வேறு எந்த ராஜாவிடமும் பார்த்ததில்லை, அதனால்தான் கடவுள் அவனைச் சீக்கிரம் கொண்டுபோனார் என்று பிற்பாடு எழுதினார். மதுரைக் கோட்டைச் சுவரில், ஹொய்சள ராஜா மூன்றாம் வீர வல்லாளனின் தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தொங்கவிட்டிருந்ததையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். வல்லாளனுக்குக் கிட்டத்தட்ட 80 வயசு. கண்ணனூர்ப் போரில் பிடிபட்டவர்.

சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அந்தப் பந்தியை விட்டு எழுந்து போனாரா என்றால், இல்லை. அதே சகலையிடம் மாலத்தீவு மீது படையெடுக்கத் திட்டம் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்! பழைய கணக்கைத் தீர்க்கணுமே! இபின் பதூதாவைப் புகழ்கிறவர்கள் பொதுவாக இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவார்கள். தாண்டக்கூடாது. அவன் உப்பைத் தின்றுகொண்டே அவன் அக்கிரமத்தைக் குறித்துவைத்த ஒரு மனிதர். சாட்சியும் அவர்தான், பந்தியில் பங்காளியும் அவர்தான்.

அந்தப் பந்தி அதிக நாள் நீடிக்கவில்லை. மதுரையில் ஒரு கொள்ளைநோய். படுத்தவன் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போய்விடுவான். சுல்தானின் தாயார், மனைவி, மகன் எல்லோரும் போனார்கள். பிறகு சுல்தானும். மதுரையில் இபின் பதூதாவுக்கும் கடும் காய்ச்சல். பிழைக்கமாட்டோம் என்று நினைத்தவர் கையில் எடுத்த மருந்து எது தெரியுமா? புளி! இங்கே ஏராளமாகக் கிடைக்கிறது என்று ஒரு ராத்தல் புளியை வாங்கி, தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழுவிவிட்டது. பிழைத்துக்கொண்டார். (ராத்தல் என்று நம் தாத்தாக்கள் நிறுத்தார்களே, அந்த வார்த்தையும் அரபியிலிருந்து வந்ததுதான். புளிக்கு அரபுக்காரர்கள் வைத்த பெயர் ‘தமர் ஹிந்தி’. இந்தியப் பேரீச்சை என்று அர்த்தம். அதுதான் இங்கிலீஷில் டாமரிண்ட்!)

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்த்த மதுரையில் மிளகாய் கிடையாது. தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்துக்கு அப்புறம் வந்தவை. உறைப்புக்கு மிளகும் இஞ்சியும், புளிப்புக்குப் புளி. அவ்வளவுதான் மதுரைச் சமையல்!

மதுரை சுல்தான்களின் கதை 1370-களில் விஜயநகரத்துக் குமார கம்பணரின் படையால் முடிந்தது. ஆனால், தமிழ்நாட்டில் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் அந்த சுல்தான்களோடு வந்ததாக யாராவது நினைத்தால் அது அபாண்டம். வாளோடு டெல்லியிலிருந்து வந்தவர்கள் வேறு. அவர்களுக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே குதிரையும் முத்தும் வியாபாரம் பேசிக்கொண்டு கடல் வழியே வந்து, நம் பெண்களைக் கட்டி, நம் மொழி பேசி, இங்கேயே வேர்விட்டவர்கள் வேறு. 1290-களில் மார்க்கோ போலோ ‘காயல்’ துறைமுகத்தைப் பார்த்தபோதே, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் அங்கே வந்து நின்றன. அந்தக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றைக்கும் கல்யாண விருந்து என்றால் ‘சஹன்’ சாப்பாடு. ஒரு பெரிய தட்டு. சுற்றி இரண்டு மூன்று பேர், சில ஊர்களில் நாலைந்து பேர். பணக்காரர் பக்கத்தில் அவர் கடைச் சிப்பந்தி உட்காரலாம். உட்கார்ந்தால் ஒரே சோறு, ஒரே கறி. மொராக்கோவின் நடுத்தட்டுக்கும் தாம்பரத்து மந்தித் தாம்பாளத்துக்கும் காயலின் சஹனுக்கும் சட்டம் ஒன்றுதான்: உன் முன்னால் இருப்பதைச் சாப்பிடு, பக்கத்தில் இருப்பவனுக்கு நல்ல துண்டைத் தள்ளு.

இதே மார்க்கோ போலோ மாபாரில் பார்த்து ஆச்சரியப்பட்ட இன்னொரு விஷயம்: இங்கே ஒவ்வொருவரும் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள், குடிக்கும்போது உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்கிறார்கள்! நாம்தான், வேறு யார்? ‘அண்ணாந்து குடி’ என்று அம்மா தலையில் தட்டினது ஞாபகம் வருகிறதா? அதில் சுத்தமும் உண்டு. எச்சில், தீட்டு என்கிற பயமும் உண்டு. எந்தப் பயம் எங்கே முடிந்து எந்தச் சுத்தம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிப்பது கஷ்டம்.

அந்தப் பயம் எவ்வளவு நாள் உயிரோடு இருந்தது என்று தெரிய, 1344-க்கெல்லாம் போக வேண்டாம். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனால் போதும். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்த நவீன அதிசயம்! ஜாதி மதம் பார்க்காமல் எல்லோரும் ஒரே பெட்டியில் தொற்றிக்கொண்டு போனார்கள். ஆனால், அந்த ரயிலை ஓட்டிய அதே தென்னிந்திய ரயில்வேயின் ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், ‘இதராளுக்கு’த் தனி இடம். சக்கரத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. சாம்பார் வாளிக்கு வரவில்லை! பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாமல் போராடி, அந்த ஏற்பாடு ஒழிய 1941 ஆயிற்று.

அதற்கும் முன்னால் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம். காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் போட்டு, தேசபக்தர்களை உருவாக்க நடந்த பள்ளி. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம், 1924-25-ல் தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்தது. இரண்டு சின்னப் பையன்களின் தட்டு! ‘அவர்கள் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்’ என்கிற நியாயம் ஐயர் பக்கம். ‘குழந்தைகளையே பிரித்து உட்காரவைத்துவிட்டு எந்த தேசத்தை விடுதலை செய்யப்போகிறீர்கள்?’ என்கிற கேள்வி எதிர்ப்பக்கம். ஐயர் அப்பழுக்கற்ற தியாகி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கேள்விதான் ஜெயித்தது. 1957-ல்கூட, திருவல்லிக்கேணி முரளி கஃபே பெயர்ப் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லித் தொண்டர்கள் தினம் தினம் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் சனிக்கிழமை ராத்திரி ஒரே தாம்பாளத்தில் ஐந்து பேர் கை வைக்கிறார்களே, அது லேசுப்பட்ட காரியமில்லை. எவன் என்ன ஜாதி, எவள் என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. பெண்களும் அதே தட்டில். மாலத்தீவில் மனைவிகளைக் கெஞ்சித் தோற்ற இபின் பதூதா பார்த்தால் வாயைப் பிளந்திருப்பார்! அதே சமயம், இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் தமிழ்நாட்டு கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததாகச் செய்திகள் வந்தபடிதான் இருந்தன. ஒரே மாநிலம்தான்.

நம்மவர் கதைக்கு வருவோம். காய்ச்சலில் இருந்து எழுந்தவருக்கு மதுரையே பிடிக்காமல் போனது. ‘இன்னும் ஒரு மாதம் இருங்கள், மாலத்தீவுக்குக் கப்பல் தருகிறேன்’ என்று புது சுல்தான் சொல்லியும் கேட்கவில்லை. கிளம்பிவிட்டார். கொல்லத்தைத் தாண்டிப் போகும்போது கடல் கொள்ளையர்கள் சூழ்ந்து, இலங்கையில் கிடைத்த ரத்தினங்கள் முதல் சகலமும் பறித்துக்கொண்டு, போட்டிருந்த கால்சட்டையோடு கரையில் இறக்கிவிட்டார்கள்.

அவர் பறிகொடுத்த முத்துக்களைவிட அதிகமாக அவரை வாட்டியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஹொன்னாவரில் தங்கிய 11 மாதமும் ரொட்டியே கண்ணில் படவில்லை, எந்நேரமும் சோறுதான் என்கிறார். மாலத்தீவு, இலங்கை, மாபார், மலபார் என்று மூன்று வருஷம் சோறு... சோறு... சோறு! கடைசியில் தண்ணீரைக் குடித்து விழுங்கினால்தான் தொண்டைக்குள் இறங்கும் என்கிற நிலைமை. எத்தனை அரண்மனைப் பந்தி! எத்தனை கோழி, எத்தனை மீன்! ஒரு துண்டு ரொட்டி இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். அவர் ரொட்டிக்கு ஏங்கிய அதே மதுரை, இன்றைக்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கியிருப்பது எதற்கு? பரோட்டாவுக்கு! மொராக்கோவில் ‘மெலூயி’ என்று ஒன்று இருக்கிறது. மாவை இழுத்து, எண்ணெய் தடவி, கயிறு மாதிரிச் சுருட்டி, வட்டமாகச் சுற்றித் தட்டிக் கல்லில் போடுகிறார்கள். அடுக்கடுக்காகப் பிரியும். சால்னா ஊற்றினால் டாஞ்சியருக்கும் மதுரைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது! பாவம், மனுஷர் சில நூறு வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டார்.

சீனா வரை போய்விட்டு, 1349-ல் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குத் திரும்பினார். வழியிலேயே செய்தி: டாஞ்சியரில் தாயார் கொள்ளைநோயில் இறந்துபோயிருந்தார். 24 வருஷம் கழித்து வந்த பிள்ளைக்கு ரொட்டி சுட்டுப் போட அம்மா இல்லை. சுல்தான் அபூ இனானின் உத்தரவுப்படி, தன் பயணங்களையெல்லாம் ஓர் எழுத்தரிடம் அவர் சொல்ல, 1355-ல் புத்தகம் முடிந்தது. நினைவிலிருந்து சொன்னதுதான். எனவே தேதிகளும் வழிகளும் சில இடங்களில் உதைக்கின்றன. ஆனால், பத்து வருஷத்துக்கும் முன்னால் சாப்பிட்ட ஒரு கரண்டிச் சோறு, அதன் மேல் விழுந்த நெய், ஓரத்து ஊறுகாய், கடைசித் தயிர் வரை வரிசை மாறாமல் சொல்கிறவரை முழுப் பொய்யர் என்று எப்படித் தள்ளுவது?

புத்தகம் முடிவதற்கு முன் அவர் போன கடைசி நெடும்பயணம், சஹாராவைத் தாண்டி மாலி ராஜ்ஜியம். 1352. தங்கத்துக்குப் பேர்போன தேசம். ராஜா மன்ஸா சுலைமானிடமிருந்து வரவேற்புப் பரிசு வருகிறது, எழுந்திருங்கள் என்று ஒருவர் வெறுங்காலோடு ஓடிவந்து சொன்னார். பட்டாடையும் பொற்காசும் என்று நினைத்து நம் ஆள் எழுந்து நின்றார். வந்தது என்ன தெரியுமா? வட்டமான மூன்று ரொட்டிகள். கொஞ்சம் பொரித்த மாட்டுக்கறி. ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தயிர்.

மூன்று வருஷம் ரொட்டிக்கு ஏங்கியவர், அந்த மூன்று ரொட்டியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாராம்.